விடிய விடிய ஓடிய ரெக்கார்டிங், 4 ஜிபி சிஸ்டம்: எந்த வழி யாருக்கு?

வியாசர்பாடியில் ஒரு படத்திறப்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி, பத்து மணிக்குப் பந்தலில் கானா தொடங்கியது. விடியற்காலை நாலு மணிக்குத்தான் டோலக்கைக் கீழே வைத்தார்கள். கையடக்க ரெக்கார்டரை ஒரு நாற்காலியில் வைத்து ஆறு மணி நேரமும் ஓடவிட்ட தம்பி மறுநாள் சாயங்காலம் போன் செய்தான்.

"ண்ணா, ஃபுல் நைட்டும் ஒரே ஃபைலா கீது. ஆடாசிட்டில போட்டா சிஸ்டம் அப்டியே நின்னுடுது. சி டிரைவ் வேற செவப்பாயிடுச்சு. நாலு ஜிபி ராம்தான். இன்னொரு நாலு வாங்கிப் போட்டா சரியாயிடுமாண்ணா?"

ஆடாசிட்டி என்பது ஒலியை வெட்டி ஒட்டும் ஓர் இலவச மென்பொருள். அதே வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா. அவருடைய அம்மா பாடிய ஒப்பாரி 90 நிமிட கேசட் இரண்டில் இருக்கிறது. யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்திருக்கிறார்கள். பின்னால் கேட்கும் இரைச்சலைக் குறைக்க வேண்டும். பிறகு ராயபுரத்தில் ஒரு சபையின் வாலிபர்கள். முழு இரவு ஜெபத்தில் பேசிய செய்தியை மட்டும் பிரித்து, வர முடியாத வயதானவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

மூன்று பேரும் கேட்டது ஒன்றே: ராம் வாங்குவதா, மென்பொருளை மாற்றுவதா, காசு கொடுத்து வெளியில் செய்துகொள்வதா? பல வருஷமாக இந்த வேலையை 4 ஜிபி சிஸ்டத்தில்தான் செய்து வந்தேன். அந்தப் பழக்கத்திலிருந்து ஒவ்வொரு வழியையும் எடைபோட்டுச் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

மூலப் பதிவுக்கு ஆபத்து உண்டா என்பதுதான் என் முதல் கேள்வி. அந்த ராத்திரி திரும்பி வராது. அன்று பாடிய பெரியவர் அடுத்த வருஷப் பந்தலில் இருப்பாரா, தெரியாது. ரெக்கார்டரிலிருந்து வந்த ஃபைலின் மேலேயே எழுதிவிடக்கூடிய எந்த வழியும், எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், எனக்குக் கடைசி வரிசைதான்.

அடுத்தது டிஸ்கில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது. ராம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறேன், காரணம் கீழே வருகிறது. நான்காவது, ஒலி தேயுமா என்று பார்க்க வேண்டும். எம்பி3 ஃபைலை விரித்து மறுபடியும் எம்பி3யாகச் சுருக்கினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். தாளம் தட்டும் சட்டியின் கிணுகிணுப்பும் கைதட்டலும்தான் முதலில் மழுங்கும்.

நேரத்தில் இரண்டு வகை உண்டு. மெஷின் தானாக ஓடும் நேரம் ஒன்று, நீங்கள் எதிரில் உட்கார வேண்டிய நேரம் ஒன்று. முன்னதை நீங்கள் தூங்கும்போது ஓடவிடலாம், பின்னதுதான் உண்மையான செலவு. கடைசியாக, இந்தப் பதிவு யார் யார் காதுக்குப் போகும் என்பது. சாவு வீட்டில் பதிந்ததற்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம்.

## 346 எம்பி எப்படி 7.62 ஜிபி ஆகிறது

ஒலி கம்ப்யூட்டருக்கு வெறும் எண் வரிசை. சிடி தரத்தில் நொடிக்கு 44,100 எண்கள். ஸ்டீரியோவில் இடது, வலது என்று இரண்டு வரிசை. ஒவ்வொரு எண்ணுக்கும் 16 பிட், அதாவது 2 பைட். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 1,76,400 பைட், மணிக்கு 635 எம்பி.

எம்பி3 இதைச் சுருட்டி வைத்த பாய் மாதிரி. எடிட்டரில் அலை வடிவம் தெரிய வேண்டும், நடுவில் வெட்ட வேண்டும் என்றால் பாயை விரித்தே ஆக வேண்டும். ஆடாசிட்டி விரிக்கும்போது இன்னொன்றும் செய்கிறது. ஒவ்வொரு எண்ணையும் 32 பிட்டாக வைத்துக்கொள்கிறது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும்போது நுணுக்கம் கெடாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. இடம் மட்டும் இருமடங்கு பிடிக்கும்.

ஆறு மணி நேரப் பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

| எந்த வடிவில் | பிடிக்கும் இடம் |
|---|---|
| எம்பி3, 128 கேபிபிஎஸ் | 346 எம்பி |
| வேவ், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ | 3.81 ஜிபி |
| வேவ், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ | 6.22 ஜிபி |
| ஆடாசிட்டிக்குள், 32 பிட், 44.1, ஸ்டீரியோ | 7.62 ஜிபி |
| ஆடாசிட்டிக்குள், 32 பிட், 44.1, மோனோ | 3.81 ஜிபி |

"முன்னூத்தம்பது எம்பி ஃபைல்தானே, இதைக் கூடவா திறக்காது?" என்று நிறைய பேர் சலித்துக்கொள்வார்கள். அவர்கள் பார்ப்பது சுருட்டிய பாயை. மெஷின் விரிப்பது கடைசிக்கு முந்தைய வரியை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடாசிட்டி இந்த 7.62 ஜிபியை ராமில் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. சின்னச் சின்னத் துண்டாக டிஸ்கில் எழுதி, தேவையானதை மட்டும் எடுத்துப் பார்க்கிறது. தம்பியின் சிஸ்டம் நின்றதற்குக் காரணம், சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றே ஒரு பக்கம் மூல ஃபைலைப் படித்துக்கொண்டு, மறுபக்கம் 7.62 ஜிபியை எழுதிக்கொண்டு இருந்ததுதான். விண்டோஸும் பிரவுசரும் ஏற்கெனவே 4 ஜிபியில் பாதிக்கு மேல் பிடித்திருக்கும். ராமில் இடம் போதாதபோது விண்டோஸ் அதே டிஸ்கின் ஒரு மூலையைத்தான் ராம் மாதிரி பயன்படுத்தும். ஒரே வாசலில் மூன்று பேர் இடித்துக்கொண்டு நுழைகிற கதை. சி டிரைவ் சிவப்பானதும் எல்லாம் நின்றுவிடுகிறது. திணறுவது டிஸ்க், பழி ராம் மேல்.

## வழி 1: முழு ராத்திரியையும் ஆடாசிட்டியில் திறப்பது

இலவசம், அலை வடிவம் கண்ணுக்குத் தெரியும், இரைச்சல் குறைப்பிலிருந்து ஒலி சமன் வரை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. எல்லோரும் முதலில் இதைத்தான் கையில் எடுக்கிறார்கள். மூல ஃபைலையும் இது தொடாது, தன் பிரதியில்தான் வேலை செய்யும். இந்த விஷயத்தில் அதற்கு முழு மதிப்பெண்.

மறைவான செலவு 'அன்டூ' வசதியில் இருக்கிறது. ஆறு மணி நேரத்தையும் தேர்ந்தெடுத்து ஒலியைக் கூட்டினால், பழையது ஒரு பிரதி, புதியது ஒரு பிரதி. 15 ஜிபி தாண்டிவிடும். அடுத்து இரைச்சல் குறைப்பு போட்டால் 23 ஜிபி பக்கம். "ரெண்டே எஃபெக்ட்தான் போட்டேன், டிரைவ் ஃபுல்" என்று புலம்புவது இதனால்தான்.

இன்னொரு பொறி பென் டிரைவில் உண்டு. 2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஆடாசிட்டி முழுத் திட்டத்தையும் ஏயூபி3 என்ற ஒரே ஃபைலாக வைக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சின்ன ஃபைலும் பக்கத்தில் ஆயிரக்கணக்கான துண்டுகள் கொண்ட ஃபோல்டரும் இருக்கும். சின்னதை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போய் வேலையைத் தொலைத்தவர்கள் ஏராளம். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைல் உட்காராது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி ஃபார்மேட் செய்யும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

இந்த வழியில்தான் போவேன் என்பவர்கள் இதையாவது செய்யுங்கள். தற்காலிக ஃபோல்டரை இடம் தாராளமாக உள்ள டிரைவுக்கு மாற்றுங்கள். ஒற்றை மைக்கில் பதிந்ததென்றால் முதல் வேலையாக மோனோ ஆக்குங்கள், பாதி இடம் மிச்சம். ஒரு எஃபெக்ட் முடிந்து, கேட்டுப் பார்த்து, திருப்தி வந்ததும் ஹிஸ்டரி சாளரத்தில் பழைய நிலைகளைக் கழித்துவிடுங்கள். மேலே பட்டியலில் உள்ள அளவைப் போல நாலு மடங்கு காலி இடம் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

கேசட்டின் ஒரு பக்கம், ஒரு மணி நேரப் பேட்டி, நடுவில் வெட்டாமல் முழுவதும் ஒரே சீராக்க வேண்டிய சொற்பொழிவு. இவற்றுக்கு இதுவே நல்ல வழி. முழு ராத்திரிக்கு நான் சொல்ல மாட்டேன்.

## வழி 2: முதலில் வெட்டு, பிறகு திற

நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆறு மணி நேரத்தில் உங்களுக்கு உண்மையில் வேண்டியது எவ்வளவு? அந்த வியாசர்பாடிப் பதிவில் ஜெனரேட்டர் சத்தம், மைக் டெஸ்டிங், டீ வந்த நேரம், மொய் அறிவிப்பு எல்லாம் போகப் பாட்டு மட்டும் இரண்டரை மணி நேரம்கூட வரவில்லை. அதிலும் ஒவ்வொரு பாட்டும் ஐந்திலிருந்து பன்னிரண்டு நிமிடம். 12 நிமிடத் துண்டு ஆடாசிட்டிக்குள் 254 எம்பிதான். ஒரு எஃபெக்ட் போட்டால் இன்னொரு 254 எம்பி. அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகள் வாங்கிவந்த மடிக்கணினி வீட்டில் ஏதாவது மூலையில் இருக்குமே, அதில்கூட இது ஓடும்.

எப்படிச் செய்வது? முழு ஃபைலையும் எடிட்டரில் போடாமல் விஎல்சி பிளேயரில் போடுங்கள். அது கேட்கிற இடத்தை மட்டும் படித்துக்கொண்டே போகும், ஃபைல் எத்தனை மணி நேரம் என்பது அதற்குப் பொருட்டில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். "1:42:10, தாத்தா பாட்டு தொடக்கம். 1:53:40, முடிவு." இப்படி ஒரு பட்டியல்.

பிறகு வெட்டுவது. மூன்று கருவி உண்டு.

எஃப்எஃப்எம்பெக்: ஒலி, வீடியோ ஃபைல்களை வெட்டவும் மாற்றவும் உதவும் இலவச மென்பொருள். கறுப்புத் திரையில் கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும் என்பதால் பலருக்குப் பயம். அதற்கு நீங்கள் சொல்ல வேண்டியது நாலே செய்தி: எந்த ஃபைல், எந்த நேரத்திலிருந்து, எந்த நேரம் வரை, உள்ளே இருப்பதை மாற்றாமல் அப்படியே நகலெடு. கடைசிச் செய்திதான் உயிர். அதைச் சொல்லிவிட்டால் சுருட்டிய பாயை விரிக்காமலே வெட்டும். ஒலியில் ஒரு துளி இழப்பு இல்லை. ஓடிக்கொண்டே படித்து ஓடிக்கொண்டே எழுதுவதால் சில பத்து எம்பி ராமே போதும். சில நொடிகளில் முடிந்துவிடும். மூல ஃபைலின் பெயரையே புது ஃபைலுக்கும் தவறிக் கொடுத்துவிட்டால் செய்ய மறுத்துவிடும். அந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு இதன் மேல் தனி மரியாதை. முழுவதையும் அரை மணித் துண்டுகளாகப் போடு என்றும் சொல்லலாம், எங்கே வெட்டுவது என்று இன்னும் தெரியாதவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

எம்பி3 டைரக்ட்கட்: விண்டோஸுக்கான மிகச் சிறிய மென்பொருள். எம்பி3யை அலை வடிவமாகக் காட்டி, விரிக்காமலே வெட்டும். ஒரு எம்பி3 சட்டகம் (எம்பி3 ஒலியை அடுக்கி வைக்கும் சின்னத் துண்டு) என்பது 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 26 மில்லிநொடி. அதற்கும் நுணுக்கமாக வெட்ட முடியாது. பாட்டுக்கு அது தாராளம். எம்பி3யில் ஒரு சட்டகம் தனக்கு முந்தைய சட்டகத்திலிருந்து கொஞ்சம் தரவைக் கடன் வாங்கியிருக்கலாம். அதனால் வெட்டிய இடத்தின் முதல் கணத்தில் ஒரு சின்னக் 'க்ளிக்' வரலாம். முன்னும் பின்னும் இரண்டு நொடி சேர்த்து வெட்டினால் கவலையில்லை.

லாஸ்லெஸ்கட்: எஃப்எஃப்எம்பெக்குக்கே போட்ட சட்டை. பட்டனை அழுத்தினால் போதும். ஆனால் பிரவுசர் பிடிப்பது போல இதுவே கணிசமாக ராம் பிடிக்கும். 4 ஜிபியில் மற்றதெல்லாம் மூடிவிட்டு ஓட்ட வேண்டும்.

பேச்சுப் பதிவுக்கு இன்னொரு சௌகரியம். எங்கெங்கே அமைதி இருக்கிறது என்று எஃப்எஃப்எம்பெக்கே தேடி நேரப் பட்டியல் தரும். ஜெபக் கூட்டம், பேட்டி ஆகியவற்றுக்கு அருமையாக வேலை செய்யும். கானா பந்தலில் இதை நம்பாதீர்கள். அங்கே அமைதி என்று ஒன்று கிடையாது. பாட்டு நின்ற நொடியில் ஜெனரேட்டரும் கூட்டமும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு நான் செய்வது: பாட்டு ஆரம்பிக்கும் முன் ரெக்கார்டர் பக்கத்தில் பளாரென்று இரண்டு கைத்தட்டு. அலை வடிவத்தில் இரண்டு முள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். பிறகு தேட வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

இந்த வழியின் மறைவான செலவு உங்கள் நேரம். ஆறு மணி நேரப் பதிவை ஒன்றரை மடங்கில் கேட்டாலும் நாலு மணி நேரம். நான் அதைச் செலவாக நினைப்பதில்லை, பதிந்தவன் ஒரு தடவையாவது முழுவதும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் வேலைக்குப் போய் வந்து ராத்திரி உட்காருகிறவருக்கு அது பெரிய சுமை, மறுக்கவில்லை.

பெரிய வேவ் ஃபைல்களில் ஒரு எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். வேவ் ஃபைலின் தலைப்பகுதியில் அளவை எழுத ஒதுக்கிய இடம் 32 பிட். அதில் 4 ஜிபிக்கு மேல் எழுத முடியாது. சிடி தர ஸ்டீரியோவில் அது 6 மணி 45 நிமிடம். பல கையடக்க ரெக்கார்டர்கள் 2 ஜிபியிலேயே, அதாவது சுமார் 3 மணி 22 நிமிடத்தில், தானாக அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். ஒரு பாட்டின் நடுவில் ஃபைல் மாறியிருந்தால் முழு ராத்திரியையும் ஒட்டப் போகாதீர்கள். முதல் ஃபைலின் வாலையும் இரண்டாவதின் தலையையும் மட்டும் வெட்டி, அந்த இரண்டை ஒட்டினால் போதும்.

## வழி 3: மூலத்தை விரிக்காமல் திறக்கும் எடிட்டர்கள்

ரீப்பர் வேறு தத்துவம். வேவ் ஃபைலை உள்ளே நகலெடுக்காது. டிஸ்கில் இருக்கும் இடத்திலிருந்தே வாசிக்கும். "இங்கே வெட்டு, அங்கே ஒலியைக் கூட்டு" என்ற குறிப்புகளை மட்டும் தனியே எழுதி வைக்கும். முதல் தடவை அலை வடிவத்தை வரைய ஒரு சின்ன ஃபைல் உருவாக்கும், அதற்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும். பிறகு ஆறு மணி நேரமும் விரலசைவில் நகரும். எஃபெக்ட் போட்டால் டிஸ்க் இரட்டிப்பாகாது, கேட்கும்போதே கணக்கிடும். அதனால் பாரம் சிபியு பக்கம் போகும். பழைய சிஸ்டத்தில் நாலைந்து எஃபெக்டை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் விட்டு விட்டுக் கேட்கும்.

60 நாள் இலவசமாகப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். நம் ஆட்களுக்கு அது கணிசமான தொகைதான். ஒலி வேலையையே தொழிலாக்க நினைப்பவருக்கு மட்டும் நான் பரிந்துரைப்பேன். கற்றுக்கொள்ள ஒரு மாதமாவது பிடிக்கும். மூல ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் ரீப்பர் தேடித் தவிக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஓசென்ஆடியோ இலவசம், எளிமை, நினைவகத்தைச் சிக்கனமாகக் கையாளும். ஆடாசிட்டியை விடச் சட்டென்று புரியும். ஆனால் இதில் திட்டம் என்று தனி ஃபைல் இல்லை. 'சேவ்' அழுத்தினால் திறந்த ஃபைலின் மேலேயே எழுதும். என் முதல் அளவுகோலில் இது தோற்கிறது. பயன்படுத்துவதானால் பிரதியைத்தான் திறக்க வேண்டும், ஒரு நாளும் மூலத்தைத் திறக்கக் கூடாது. வெட்டிய துண்டுகளைச் சீராக்க மட்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

## வழி 4: ராமோ எஸ்எஸ்டியோ வாங்கிப் போடுவது

கம்ப்யூட்டர் சாமான் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? 32 பிட் என்றால் 8 ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அது தொடாது, காசு வீண். அடுத்து, மடிக்கணினியில் ராமுக்குக் காலி இடம் இருக்கிறதா, ராம் டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா? சிலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், ஒன்றும் செய்ய முடியாது. பழைய ராமைக் கழற்றி எடுத்துப் போய்க் காட்டி, அதே வகை வாங்குவதுதான் நிச்சயம்.

ஆனால் கையில் ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், ராமை விட்டுவிட்டு, சுழலும் பாகமே இல்லாத டிஸ்கான எஸ்எஸ்டி போடுங்கள். மேலே சொன்ன வாசல் நெரிசலைத் தீர்ப்பது அதுதான். பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி பக்கம் படித்தால், சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பியைத் தொடும். அதைவிட முக்கியம், ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் சொன்னால் ஹார்டு டிஸ்கின் ஊசி இங்குமங்கும் ஓட வேண்டும், எஸ்எஸ்டியில் ஊசியே கிடையாது. நான் 4 ஜிபி ராமை அப்படியே வைத்துக்கொண்டு எஸ்எஸ்டி மட்டும் மாற்றியபோது, வேறு மெஷின் வாங்கியது போல இருந்தது. பழைய டிஸ்கைத் தூக்கிப் போடாமல் வெளியில் வைத்துப் பிரதி எடுக்கப் பயன்படுத்திக்கொண்டேன்.

மெமரி கார்டு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு தடவை நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 128 ஜிபி கார்டு வாங்கினேன். உள்ளே உண்மையில் இருந்தது அதில் ஒரு பங்குதான். நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போனது. ஒரு வீட்டின் படத்திறப்பில் முதல் இரண்டு மணி நேரம் அப்படிப் போயிற்று. அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்ன சாயங்காலத்தை நான் மறக்கவில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதிக்கும். எந்தக் கடையில் வாங்கினாலும் இப்போது அதை ஓட்டாமல் பந்தலுக்கு எடுத்துப் போவதில்லை.

## வழி 5: வெளியில் கொடுப்பது

ஸ்டுடியோவில் கொடுத்தால் நல்ல காது, நல்ல ஸ்பீக்கர், அனுபவம் கிடைக்கும். மணிக் கணக்கில் காசு கேட்பார்கள். அதனால் ஆறு மணி நேரத்தை அப்படியே கொடுப்பது அறிவாகாது. வெட்டிய பாட்டுகளை மட்டும் கொடுங்கள். அதாவது வழி 2ஐ முடித்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும்.

இணையச் சேவைகளில் ஏற்றி அங்கேயே எடிட் செய்யலாமே என்றால், கணக்குப் பாருங்கள். 3.81 ஜிபியை நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஏற்ற ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், நடுவில் அறுபடாமல் இருந்தால். நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவருக்கு மூன்று நாள்.

எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் வேறு. பந்தல் பதிவில் பாட்டு மட்டும் இருப்பதில்லை. செத்தவரின் பெயர், ஊர், யார் யாருக்கு என்ன உறவு, நடுராத்திரி ஒரு மகன் உடைந்து அழுதது, பங்காளிகள் குரல் உயர்த்தியது எல்லாமே அதில் இருக்கும். ஒப்பாரியில் ஒரு பெண் தன் வாழ்நாள் மனக்குறையையெல்லாம் சொல்லி அழுவாள். அது அந்த வீட்டுக்குச் சொந்தம். யார் சர்வரில் எவ்வளவு நாள் இருக்கும் என்று நமக்குத் தெரியாத இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டாரைக் கேட்டு, அவர்கள் சரி என்றால் அது வேறு.

## மூன்று பேருக்கும் சொன்னது

காசிமேட்டு அக்காவுக்கு வழி 1. 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஆடாசிட்டிக்குள் ஸ்டீரியோவாக 953 எம்பி, மோனோவாக்கினால் 476. எந்த சிஸ்டமும் தாங்கும். டேப் ஓடும், குரல் வராத ஐந்தாறு நொடியைக் கேசட்டின் ஆரம்பத்திலிருந்து எடுத்து இரைச்சல் மாதிரியாகக் கொடுங்கள், குறைப்பை மெதுவாகவே போடுங்கள் என்றேன். அதிகம் போட்டால் குரல் தண்ணிக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். அம்மா மூச்சு வாங்குகிற சத்தமும் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். "அது இருக்கட்டும்பா, அந்த மூச்சுதான் எனக்கு வேணும்" என்றார். கேசட்டிலிருந்து எம்பி3யாக ஏற்றிக் கொடுத்தவரிடம் வேவ் ஃபைல் இன்னும் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். இல்லையென்றால் இன்னொரு தடவை கேசட்டை ஓட்டிப் பதிவது நல்லது. கேசட்டுகள் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே போகும்.

ராயபுரத்து வாலிபர்களுக்கு எம்பி3 டைரக்ட்கட் மட்டும். அவர்கள் ரெக்கார்டரே எம்பி3யில் பதிகிறது, செய்தி தொடங்கும் இடமும் முடியும் இடமும் அவர்களுக்கே தெரியும். பத்து நிமிட வேலை. வேறு எதையும் நிறுவ வேண்டாம் என்றேன்.

வியாசர்பாடித் தம்பிக்கு வழி 2. ராம் வாங்க வைத்திருந்த காசில் எஸ்எஸ்டி. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் உட்கார்ந்து இரண்டு பாட்டை வெட்டிக் காட்டினேன், மூன்றாவதை அவனே வெட்டினான். மூல ஃபைலை ஃப்ளாக் ஆக்கவும் சொல்லிக் கொடுத்தேன். ஒலியில் எதையும் இழக்காமல், வேவ் அளவில் வழக்கமாகப் பாதிக்குச் சற்று மேலாகச் சுருக்கிவிடும். ஒரு பிரதி வீட்டு டிஸ்கில், ஒரு பிரதி வெளி டிஸ்கில். வெளி டிஸ்க் அவன் வீட்டில் இருக்கக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் கட்டிலைத் தொட்டது. சிபியுவைப் பரண் மேல் ஏற்றியவர்கள் பிழைத்தார்கள், தூக்கத்திலிருந்து எழுந்தவர்களுக்கு அதற்கு நேரமில்லை. மாடியில் இருக்கிற சொந்தக்காரர் வீடு எது என்று கேட்டேன். அத்தை வீடு கொருக்குப்பேட்டையில் மூணாவது மாடி என்றான்.

டிஸ்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, செத்தவர் பெயரையும் தேதியையும் அவனே பேனாவால் எழுதினான்.